உடலை அறிவோம்: முழங்காலில் எண்ணெய் வற்றிவிட்டதா?



"முழங்காலுக்குள்ள எண்ணெய் வத்திப் போச்சாம். நடக்க நடக்கத் தேயுமாம். பேசாமல் இருக்கட்டாம்."

கிளிநொச்சியில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும், நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களிடம் இந்த மூன்று வசனங்களையும் நான் கேட்கிறேன். சொன்னவர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. பக்கத்து வீட்டு மாமி சொன்னாராம், பேருந்தில் யாரோ சொன்னார்களாம். ஆனால் அந்த வசனங்களை நம்பி வயலுக்குப் போவதை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். கோயிலுக்கும் செத்தவீட்டுக்கும் போகாமல் திண்ணையோடு ஒடுங்கியவர்கள் இருக்கிறார்கள். "எண்ணெய் ஊசி" போடுவதற்காகக் காப்பை அடகு வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

நான் மருத்துவ ஆய்வுகூடத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவள். வீங்கிய மூட்டுகளிலிருந்து வைத்தியர்கள் ஊசியால் எடுத்த நீரைச் சிறு குழாய்களில் கொண்டுவந்து தருவார்கள். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, கண்டதை எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்த அனுபவத்தோடு சொல்கிறேன், மேலே உள்ள மூன்று வசனங்களில் ஒன்றுகூடச் சரியானதல்ல. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, மூட்டுக்குள் இருக்கும் அந்தச் சில துளி நீரைப் பற்றி நாம் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும்.

அது எண்ணெயே அல்ல

முழங்கால் மூட்டில் தொடை என்பும் கீழ்க்கால் என்பும் சந்திக்கின்றன. இரண்டு என்புகளின் முனைகளையும் வழுவழுப்பான, வெண்மையான கசியிழையம் போர்த்தியிருக்கிறது. மூட்டைச் சுற்றி ஒரு பை போன்ற உறை உண்டு. அந்த உறையின் உட்புற மென்படை சுரந்து வைத்திருக்கும் நீரைத்தான் நம்மவர்கள் எண்ணெய் என்கிறார்கள்.

நல்ல நிலையில் உள்ள முழங்காலில் இந்த நீர் 4 மில்லிலீற்றருக்கு மேல் இருப்பது அரிது. ஒரு தேக்கரண்டி கூட நிறையாது. வெளிறிய வைக்கோல் நிறமாக இருக்கும். குழாயில் எடுத்து அச்சிட்ட தாளுக்கு முன்னால் பிடித்தால், அதனூடாக எழுத்துகளை வாசிக்கலாம். அவ்வளவு தெளிவு.

இதன் பெரும்பகுதி குருதியிலிருந்து வடிகட்டி வந்த நீர்தான். குருதியை உறையச் செய்யும் பெரிய புரதங்கள் அந்த வடியில் தங்கிவிடுகின்றன. ஆகவே நல்ல மூட்டு நீரைக் குழாயில் வைத்தால் அது குருதியைப் போல உறைவதில்லை. இந்த வடிநீரோடு மூட்டு உறையின் கலங்கள் தாமே செய்த இரண்டு பொருள்களைச் சேர்க்கின்றன. ஒன்று ஹையலூரோனிக் அமிலம். மற்றது லூப்ரிசின் என்ற புரதம். மூட்டு நீரின் வழுவழுப்பெல்லாம் இந்த இரண்டினால் வருவது. எண்ணெய்க்கு இதில் இடமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடிபட்டு வீங்கிய மூட்டிலிருந்து எடுத்த நீரில் உண்மையாகவே கொழுப்புத் துளிகள் மிதந்தால், நாங்கள் உடனே வைத்தியருக்கு அறிவிப்போம். மூட்டுக்குள் என்பு உடைந்து, என்பு மச்சையின் கொழுப்பு கசிந்திருக்கிறது என்பதற்கு அது பெரும்பாலும் அறிகுறி. மூட்டுக்குள் எண்ணெய் தெரிவது நல்ல சேதியே அல்ல.

பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பரசெல்சஸ் என்ற ஐரோப்பிய மருத்துவர், இந்த நீர் முட்டை வெள்ளைக்கருவைப் போல இருப்பதைக் கண்டு அதற்கு "சைனோவியா" என்று பெயர் வைத்தார் என்பார்கள். நம் சித்த மருத்துவர்கள் ஐவகைக் கபங்களைச் சொல்லும்போது சந்திகம் என்று ஒன்றைச் சொல்வார்கள். மூட்டுகளில் நின்று நெய்ப்பைத் தந்து, அவை ஒன்றோடொன்று பொருந்தித் தடையின்றி அசைய உதவுவது அது. மூட்டைத் திறந்து சோதிக்க வழியில்லாத காலத்திலேயே, அங்கே வழுவழுப்பான ஒன்று வேலை செய்கிறது என்பதை நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். அது எதனால் ஆனது என்பதை அறியத்தான் இரசாயனவியல் வரவேண்டியிருந்தது.

செவ்வரத்தை இலையும் மூட்டு நீரும்

1934ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜோன் பாமர் என்ற இருவர் மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் கூழ் போன்ற பொருளிலிருந்து புதிய பொருளொன்றைப் பிரித்தெடுத்தனர். அதுதான் ஹையலூரோனிக் அமிலம். மூட்டு நீரைத் தடிப்பாக வைத்திருப்பதும் இதே பொருள்தான் என்று பின்னர் தெரியவந்தது.

இது இரண்டு வகைச் சீனி மூலக்கூறுகள் மாறிமாறி ஆயிரக்கணக்கில் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. ஒவ்வொரு சங்கிலியும் தன்னைச் சுற்றிப் பெருமளவு நீரைப் பிடித்து வைத்திருக்கும். செவ்வரத்தை இலையைக் கசக்கித் தலைக்கு வைக்கும்போது கையில் நூல் நூலாக இழுபடும் அல்லவா? வெண்டிக்காயை வெட்டும்போது கத்தியோடு இழுபடுமே, அதுவும் அப்படித்தான். அவையும் நீரைப் பிடித்து வைத்திருக்கும் நீண்ட சீனிச் சங்கிலிகளே. ஹையலூரோனிக் அமிலம் உடலின் செவ்வரத்தைச் சாறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு விசேட குணம் உண்டு. மெதுவாக அசையும்போது தடிப்பாக இருந்து என்புகளைத் தாங்கும். வேகமாக அசையும்போது இளகி வழிவிடும். நிற்கும்போதும் ஓடும்போதும் ஒரே நீர் இரண்டு விதமாக வேலை செய்கிறது.

ஆய்வுகூடத்தில் இதைப் பார்ப்பதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஊசிக்குழாயிலிருந்து ஒரு துளியை மெல்ல விழவிட்டால், நல்ல நீர் சில சென்ரிமீற்றர் நீளத்துக்கு நூலாக இழுபட்டுப் பிறகே அறும். அழற்சி உள்ள மூட்டின் நீர் கிணற்றுத் தண்ணீரைப் போலச் சொட்டுச் சொட்டாக விழும். முன்னைய நாட்களில் வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலத்தை ஐதாக்கி ஒரு துளி விட்டுப் பார்ப்பார்கள். நல்ல நீர் இறுகிய கட்டியாகத் திரளும். கெட்டுப்போன நீர் திரிந்த பால் போலப் பொலபொலவென்று உதிரும். சங்கிலிகள் நீளமாக இருக்கின்றனவா, அறுந்துவிட்டனவா என்பதை அந்த ஒரு துளி காட்டிவிடும்.

லூப்ரிசின் என்ற புரதம் கசியிழையத்தின் மேற்பரப்பில் மெல்லிய பூச்சாகப் படிந்து, இரண்டு மேற்பரப்புகளும் ஒன்றையொன்று உரசாமல் காக்கிறது. இதன் அருமை 1999ஆம் ஆண்டு நன்றாக வெளிப்பட்டது. மிக அரிதான பரம்பரை மூட்டு நோயொன்றுடன் பிறந்த பிள்ளைகளை ஆராய்ந்தபோது, லூப்ரிசினைச் செய்யும் மரபணு அவர்களில் பழுதடைந்திருந்தது தெரியவந்தது. முதுமையில் வரவேண்டிய மூட்டுச் சேதம் அவர்களுக்குச் சிறுவயதிலேயே வந்திருந்தது. தடிப்பு மட்டும் போதாது, மேற்பூச்சும் வேண்டும் என்பது அதிலிருந்து தெளிவானது.

நீர் வற்றுவதில்லை, கூடுகிறது

வைத்தியர்கள் ஒஸ்ரியோ ஆத்திரைற்றிஸ் என்று எழுதுவதையே நாம் மூட்டுத் தேய்வு என்கிறோம். தேய்வு என்றதும் சைக்கிள் ரயரைப் போல, ஓட ஓடத் தேய்ந்து முடிவது என்று நினைத்துவிடுகிறோம். மூட்டு உயிருள்ளது. கசியிழையத்தின் கலங்கள் ஒருபுறம் பழையதை உடைத்தும் மறுபுறம் புதியதைச் செய்தும் கொண்டிருக்கின்றன. அடிபட்ட காயம், அளவுக்கு மீறிய பாரம், வயது, பரம்பரை போன்ற காரணங்களால் உடைப்பது கூடிச் செய்வது குறையும்போதுதான் நோய் தொடங்குகிறது.

அப்போது மூட்டு நீருக்கு என்ன நடக்கிறது? கசியிழையத்தை வெட்டும் நொதியங்கள் நீரில் கூடுகின்றன. உடைந்த கசியிழையத்தின் நுண்ணிய துண்டுகள் மிதக்கத் தொடங்குகின்றன. இந்தத் துண்டுகள் மூட்டு உறையை உறுத்த, உறை சினந்து மேலும் நீரை உள்ளே விடுகிறது. நல்ல மூட்டில் ஒரு மில்லிலீற்றர் நீரில் ஏறத்தாழ 2 முதல் 4 மில்லிகிராம் வரை ஹையலூரோனிக் அமிலம் இருக்கும். நோயுற்ற மூட்டில் இந்த அளவு குறைந்து, சங்கிலிகளும் குட்டையாகிவிடுகின்றன. ஆகவே நீர் கூடும், வழுவழுப்புக் குறையும். கூழில் தண்ணீரை அள்ளி ஊற்றியது போல.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இருக்கிறார். 2009ஆம் ஆண்டு இடக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பொய்க்காலோடு தோட்டமும் செய்து, இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்தவர். சில வருடங்களுக்கு முன் அவருடைய வலது முழங்கால் வீங்கி நோகத் தொடங்கியது. அவருக்கும் "எண்ணெய் வற்றிவிட்டது" என்றே சொல்லப்பட்டிருந்தது. கிளினிக்கில் வைத்தியர் வீக்கத்தைக் குறைப்பதற்காக நீரை எடுத்தார். 30 மில்லிலீற்றர் வந்தது. திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "வத்திப் போச்சு எண்டவை தங்கச்சி, ஒரு சின்னப் போத்தல் தண்ணி எடுத்தவை!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு முடிந்ததும், "இருக்கிற ஒரு காலும் போனால் என்னெண்டு சீவிக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வன்னியில் பலருடைய கேள்வி. ஒரு காலை இழந்தவர்களின் மற்ற முழங்கால் கூடுதல் பாரத்தைத் தாங்குவதால், அதில் இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று பிற நாடுகளில் போரில் காலிழந்தவர்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செல் துண்டு பட்ட மூட்டும், முன்னர் உடைந்து பொருந்திய மூட்டும் அப்படியே. நம் பெண்கள் பலருக்கு இந்த நோய் வயதுக்கு முன்னரே வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெண்களுக்கு ஏன் கூடுதல்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டு உலகெங்கும் 52 கோடியே 80 இலட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் 100க்கு 60 பேர் பெண்கள். அதிகமாகப் பாதிக்கப்படுவது முழங்கால். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது கூடுகிறது.

வேலை முறைக்கும் இதில் பங்குண்டு. பெய்ஜிங் நகரத்து முதியவர்களிடம், "25 வயதில் நாளுக்கு எவ்வளவு நேரம் குந்தியிருந்தீர்கள்?" என்று கேட்டு, அவர்களின் முழங்கால்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2004ஆம் ஆண்டு வெளியானது. நாளுக்கு 3 மணித்தியாலமும் அதற்கு மேலும் குந்தியிருந்தவர்களுக்கு, அரை மணித்தியாலத்துக்குக் குறைவாகக் குந்தியவர்களைவிட மூட்டுத் தேய்வு ஏறத்தாழ இரண்டு மடங்கு காணப்பட்டது. களை பிடுங்குவது, நாற்று நடுவது, கச்சான் பிடுங்குவது, அடுப்படியில் குந்தியிருந்து சமைப்பது, துணி தோய்ப்பது என்று நம் பெண்களின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் வேலை செய்யும் ஒரு தாய் 3 மணித்தியாலத்தைக் காலைச் சாப்பாட்டுக்கு முன்னரே தாண்டிவிடுவார்.

நடந்தால் தேயுமா?

இனி இரண்டாவது வசனத்துக்கு வருவோம். கசியிழையத்துக்குள் குருதிக் குழாய்கள் இல்லை. உடலின் மற்ற இழையங்களுக்குக் குருதி சாப்பாடு கொண்டுபோகிறது. கசியிழையத்துக்கு அதைக் கொண்டுபோவது மூட்டு நீர்தான். எப்படி? கசியிழையம் ஒரு பஞ்சு மாதிரி. அதன் நிறையில் 100க்கு 70 பங்குக்கு மேல் நீர். நாம் காலை ஊன்றும்போது பஞ்சு பிழியப்பட்டு நீர் வெளியே வருகிறது. காலைத் தூக்கும்போது புதிய நீரை உறிஞ்சுகிறது. ஒவ்வொரு எட்டும் கசியிழையத்துக்கு ஒரு வாய் சோறு.

மூட்டை அசையாமல் வைத்தால் கசியிழையம் மெலிந்து போகிறது. தொடைத் தசையும் சோர்ந்து, முழங்காலின் பாரம் முழுவதும் மூட்டின் மேலேயே விழுகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, கலிபோர்னியாவின் டேவிஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஹரி ரெட்டி என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னுமொரு விளக்கம் தந்தது. கசியிழையத்தின் மேற்படைக் கலங்கள் தம்மேல் விழும் உரசல் அழுத்தத்தை உணர்ந்து, லூப்ரிசினைச் சுரக்கின்றன. அதாவது, மூட்டு தனக்கு வேண்டிய வழுக்குப் பொருளைச் செய்வதற்கே அசைவு தேவை. "பேசாமல் இரு" என்ற மூன்றாவது வசனமும் இதனோடு விழுந்துவிடுகிறது.

ஆனால் எல்லா அசைவும் ஒன்றல்ல. சமதரையில் அளவாக நடப்பது நல்லது. பாரம் தூக்கிக்கொண்டு குந்தி எழும்புவது நல்லதல்ல. இந்த வேறுபாட்டைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நீரைச் சோதிப்பது எதற்காக?

முழங்கால் நோகிற எல்லோருக்கும் நீர் எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. மூட்டுத் தேய்வை வைத்தியர் பெரும்பாலும் கேட்டறிந்தும், தொட்டுப் பார்த்தும், வேண்டுமானால் எக்ஸ்ரே எடுத்தும் கண்டுகொள்வார். மூட்டு நீரில் மிதக்கும் கசியிழையத் துண்டுகளை அளந்து, எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்னரே நோயைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் முயல்கிறார்கள். வாய்க்கால் தண்ணீரின் கலங்கலைப் பார்த்து மேலே எந்தக் கட்டு அரிக்கிறது என்று அறிவது போன்ற முயற்சி அது. சாதாரண கிளினிக்குகளில் பயன்படும் அளவுக்கு அது இன்னும் வரவில்லை.

ஆனால் மூட்டு திடீரென வீங்கினால், அந்த நீர் மிகமுக்கியமான சாட்சி. நாங்கள் முதலில் எண்ணுவது வெண்குருதிக் கலங்களை. நல்ல நீரில் ஒரு கனமில்லிமீற்றரில் 200க்கும் குறைவாக இருக்கும். மூட்டுத் தேய்வில் பெரும்பாலும் 2,000க்குள் நிற்கும். முடக்குவாதம் போன்ற அழற்சி நோய்களில் அதற்கு மேலே போகும். கிருமி தொற்றிய மூட்டில் 50,000ஐயும் தாண்டலாம். நீரும் கலங்கிச் சீழ் போலாகும். கிருமிகளும் கலங்களும் தின்றுவிடுவதால் அதிலுள்ள குளுக்கோசும் குறைந்துவிடும்.

அடுத்து, பளிங்குகளைத் தேடுவோம். 1961ஆம் ஆண்டு டானியல் மக்காட்டி, ஜோசப் ஹொலண்டர் என்ற அமெரிக்க வைத்தியர்கள் கவுட் நோயாளரின் மூட்டு நீரில் ஊசி போன்ற யூரிக் அமிலப் பளிங்குகளை விசேட நுணுக்குக்காட்டியால் கண்டு காட்டினர். அதன் பிறகே ஒரே மாதிரி வீங்கும் இரண்டு முழங்கால்களில் எது கவுட், எது வேறு என்று உறுதியாகப் பிரித்தறிய முடிந்தது.

2006ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் சிக்கன்குனியா பரவியபோது மூட்டு நோவால் முடங்கிப் போனவர்களை நினைத்துப் பாருங்கள். அதுவும் மூட்டு நோவுதான். ஆனால் மூட்டுத் தேய்வு அல்ல. மூட்டு நோவெல்லாம் ஒரே நோய் என்று நினைத்து ஒருவருக்குக் கொடுத்த குளிசையை மற்றவர் வாங்கி விழுங்குவது ஆபத்து.

என் வேலைக்காலத்தில் மறக்க முடியாத ஒரு குழாய் உண்டு. நீரிழிவு உள்ள ஒரு தாயின் முழங்கால் நீர். காய்ச்சலும் வீக்கமுமாக ஐந்து நாள் வீட்டில் எண்ணெய் பூசி, உருவி, ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள். வாதம் என்று நினைத்தார்களாம். குழாயில் வந்த நீர் மோரைப் போலிருந்தது. கிருமித் தொற்று. உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் அந்த முழங்கால் பிறகு மடங்கவேயில்லை. கிருமி தொற்றிய மூட்டில் கசியிழையம் சில நாட்களிலேயே அழிந்துவிடும். ஆகவே சகோதரிகளே, ஒரு மூட்டு திடீரென வீங்கி, சிவந்து, சுட்டு, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். மறுநாள் வரை பொறுக்க வேண்டாம்.

ஊசியும் குளிசையும்

"எண்ணெய் ஊசி" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஹையலூரோனிக் அமிலந்தான். சேவற்கொண்டையிலிருந்து அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து, முதலில் பந்தயக் குதிரைகளின் மூட்டுகளுக்கும் பின்னர் மனிதருக்கும் ஏற்றினார்கள். நினைப்பு நியாயமானதுதான். குறைந்ததை நிரப்பினால் என்ன? ஆனால் நாம் மேலே பார்த்தபடி, நீர் கெடுவதற்குக் காரணம் உள்ளேயே இருக்கிறது. ஏற்றியதையும் உடல் நாளடைவில் உடைத்து வெளியேற்றிவிடும். 2022ஆம் ஆண்டு 169 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அறிக்கை, வெற்று ஊசியைவிட இதனால் வரும் வலிக்குறைவு மிகச் சிறியது, நோயாளருக்குப் பெரிதாக உணரக்கூடியதல்ல என்று முடிவு செய்தது. ஆகவே நகையை அடகு வைத்து இதைப் போடத் தேவையில்லை.

ஸ்ரெரொயிட் ஊசி வீக்கத்தைச் சில வாரங்களுக்குத் தணிக்கலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் போட்டவர்களின் கசியிழையம், உப்பு நீர் ஊசி போட்டவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்ததை 2017இல் வந்த ஆய்வொன்று காட்டியது. வலியிலும் வேறுபாடு இருக்கவில்லை. வைத்தியர் தேவை என்று சொல்லும் வேளையில் மட்டும் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்களாகக் கேட்டுப் போடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் அனுப்பும் குளுக்கோசமின் குளிசையையும் 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் 1,583 பேரிடம் சோதித்தார்கள். மொத்தத்தில் வெற்றுக் குளிசையைவிட மேலானதாக அது இருக்கவில்லை.

டைக்குளோபினாக், இபுபுரூபன் போன்ற வலிக் குளிசைகளில் மிகவும் கவனம் வேண்டும். வடமத்திய மாகாணத்திலும் வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளிலும் காரணம் முழுதாக அறியப்படாத நீண்டகாலச் சிறுநீரக நோய் இருக்கிறது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் எங்கும் இருக்கின்றன. இப்படியானவர்கள் இந்தக் குளிசைகளைத் தொடர்ந்து விழுங்கினால், முழங்காலைப் பார்க்கப் போய்ச் சிறுநீரகத்தை இழக்க நேரிடும். பூசும் களிம்பு இதைவிடப் பாதுகாப்பானது. வைத்தியரிடம் கேட்டுப் பாவியுங்கள்.

சித்த வைத்தியரின் எண்ணெய் பூசி மெல்ல உருவுவதும் இளஞ்சூட்டு ஒத்தடமும் தசைக்கு இதம் தரும். ஆனால் பூசிய எண்ணெய் மூட்டுக்குள் இறங்கி வற்றியதை நிரப்பும் என்று எண்ண வேண்டாம். சிவந்து சுடுகின்ற மூட்டை உருவவே கூடாது.

நாம் செய்யக்கூடியவை

1. கதிரையில் நிமிர்ந்து இருந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கிப் பத்து எண்ணும் வரை வைத்திருங்கள். பிறகு மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, காலையும் மாலையும். இதற்குக் காசு வேண்டாம். தொடைத் தசை பலமானால் முழங்காலின் பாரம் குறையும்.

2. சமதரையில் நாள்தோறும் நடவுங்கள். பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். நடந்த பின் சற்று நோவது வழமை. மறுநாளும் வீக்கம் இருந்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

3. அடுப்பை மேடையில் வையுங்கள். தேங்காய் திருவவும் மரக்கறி வெட்டவும் மேசையோ உயரமான இருக்கையோ பாவியுங்கள். மலசலகூடத்தில் நடுவில் துளையிட்ட கதிரை ஒன்றை வைத்தாலே பெரிய ஆறுதல். களை பிடுங்கும்போது அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி நாலு எட்டு நடவுங்கள்.

4. உடல் நிறை கூடியவர்கள் குறைக்கப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு எட்டிலும் முழங்காலில் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று 2005ஆம் ஆண்டு ஆய்வொன்று கணித்தது. ஐந்து கிலோ குறைந்தால் எட்டொன்றுக்கு இருபது கிலோ. மாலைத் தேநீரில் சீனியையும், இரவில் ஒரு அகப்பைச் சோற்றையும் குறைப்பதில் தொடங்கலாம்.

5. ஊன்றுகோல் பிடிப்பதில் வெட்கம் வேண்டாம். நோகும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். படியில் ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது நோகும் காலை முதலில் வையுங்கள்.

6. பொய்க்கால் பாவிப்பவர்கள் அதன் உயரத்தையும் பொருத்தத்தையும் காலத்துக்குக் காலம் பார்ப்பியுங்கள். அளவு பிழைத்த பொய்க்கால் நல்ல முழங்காலைத்தான் வதைக்கும். யாழ்ப்பாணத்தில் 1987ஆம் ஆண்டிலிருந்து ஜெய்ப்பூர் நிறுவனம் இந்தப் பணியைச் செய்து வந்திருக்கிறது.

நான் சொன்ன அக்காவுக்கு இயன்மருத்துவர் பொய்க்காலின் உயரத்தைத் திருத்துவித்து, தொடைத் தசைக்கான பயிற்சியையும் பழக்கினார். நோவு முழுவதும் போய்விடவில்லை. கசியிழையம் சேதமடைந்தால் அது தானாகச் சரியாவதில்லை என்று வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் 1743ஆம் ஆண்டே எழுதினார். இன்றுவரை அதை முழுதாக மீட்கும் மருந்து வரவில்லை. மிகவும் முற்றியவர்களுக்கு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை உண்டு. ஆனால் பெரும்பாலானோர் அந்த நிலைக்குப் போகாமலே காலத்தைக் கொண்டு போகலாம். அக்கா இப்போது காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறார், பின்னேரம் கடைக்கு நடந்து போகிறார்.

உங்கள் வீட்டில் அம்மாவோ மாமியோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் இருந்தால், இந்தப் பக்கத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடிந்ததும் கையைப் பிடித்து, படலை வரைக்குமாவது கூட்டிக்கொண்டு நடவுங்கள். முழங்கால் நோகாத இளம் சகோதரிகள் இன்றைக்கே அடுப்பை மேடைக்கு ஏற்றுங்கள்.

அடுத்த இதழில், நீரிழிவு உள்ளவர்கள் பாதங்களைப் பேணும் முறை பற்றிப் பார்ப்போம்.